மூன்றாம் நாள் தலைவலி

நண்பா,

கச்சிராயபாளையம் சாலையை அகலப்படுத்துகிறார்கள். நேற்றுக் காலை காரை நிறுத்தி இறங்கினேன். வெட்டிப்போட்ட புளியமரத்தின் பச்சை வாசனை மூக்கில் ஏறியது. உடனே நீ வந்துவிட்டாய், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. இன்னும் உன்னை நினைத்தால் அழுகைக்கு முன்னால் வயிற்றெரிச்சல்தான் வருகிறது. செத்தவன் மேல் பொறாமைப்படுகிறவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நாம் இருவரும் மயக்க மருந்து டாக்டர்களாக ஒரே ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தால், சிலருக்கு இரண்டு மூன்று நாளில் கடுமையான தலைவலி வரும். மெல்லிய ஊசியால் அது குறைகிறதா என்று ஆராயலாமே என்றேன். யோசனை என்னுடையது, அதை மறந்துவிடாதே. நோயாளிகளைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டோம். மூன்றாம் நாள் தலைவலி உண்டா இல்லையா என்று கேட்டுச் சீட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை.

நான் கட்டில் கட்டிலாகப் போய், “தலைவலி இருக்கா?” என்பேன். “ஒண்ணும் இல்லீங்க சார், நல்லாகீறேன்” என்பார்கள். என் சீட்டுகளிலெல்லாம் ‘இல்லை’. நீ அப்படிக் கேட்கவே மாட்டாய். “இன்னாம்மா, எழுந்து உக்காந்து கஞ்சி குடிச்சியா?” என்பாய். “எங்க சார், உக்காந்தா மண்டையப் பொளக்குது, படுத்துக்கினேதான் குடிச்சேன்” என்று என் நோயாளியே உன்னிடம் சொன்னாள். குறை சொன்னால் டாக்டர் மனசு நோகும் என்று நம் ஜனம் நினைப்பது உனக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும், நானும் சங்கராபுரத்துக்காரன்தானே. அப்படிக் கேட்கத்தான் தோன்றவில்லை. அன்றைக்கே உன்னைப் பிடிக்காமல் போயிற்று.

பிறகு இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. இதே சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டார்கள். பஸ் நின்றுவிடும் என்று பயந்து நம் நோயாளிகள் நாலு பேர் இரண்டாம் நாளே சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார்கள். நாலும் கல்வராயன் மலையடிவாரத்து ஆட்கள். மூன்று பேர் உன் கணக்கு, பிள்ளை பெற்ற ஒருத்தி என் கணக்கு. மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுக்கே போய்க் கேட்க நீ சைக்கிளை எடுத்தாய்.

“பைத்தியமாடா உனக்கு? ஒரு தலைவலிக்காக அடி வாங்கப் போறியா?” என்றேன். நீ கிளம்பியதும் அவளுடைய சீட்டில் ‘இல்லை’ என்று எழுதினேன். கேட்டிருந்தாலும் அதைத்தானே சொல்லியிருப்பாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் முழங்காலெல்லாம் சிராய்ப்போடு வந்தாய். “உன் ஆளையும் பாத்துட்டேன்டா. தலையத் தூக்க முடியாம படுத்துக்கினு கீறா. கொழந்தைக்கு உக்காந்து பால் குடுக்க முடியல. மாத்திரை குடுத்துட்டு வந்தேன்” என்றாய். என் சீட்டை எடுத்துப் பார்த்தாய். நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

“போவலன்னு எழுதேன்டா. அதுல இன்னா கேவலம்?” என்று மட்டும் சொன்னாய்.

என் சீட்டுகள் முழுவதையும் ஆய்விலிருந்து எடுத்துவிட்டாய். கட்டுரை பாதியாகச் சுருங்கியது. ஆனாலும் உன் பெயருக்கு முன்னால் என் பெயரைப் போட்டாய். “யோசனை உன்னுதுதானே” என்றாய். அதைக் காட்டித்தான் சேலத்தில் எனக்குப் பெரிய வேலை கிடைத்தது. நீ அந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டாய். உன் சாவுக்கு மலையிலிருந்து அத்தனை ஜனம் இறங்கி வந்ததைப் பார்த்து அன்றும் பொறாமைப்பட்டேன்.

இன்று என்னிடம் படிக்கிறவர்கள் ஆய்வுச் சீட்டில் ஒரு கட்டம் விடாமல் நிரப்பிக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். “எந்த வூட்டுக்குப் போவல, அத மொதல்ல சொல்லு” என்கிறேன். என்னைக் கண்டிப்பானவன் என்கிறார்கள்.

யாரிடம் எப்படிக் கேட்டால் உண்மை வரும் என்று உனக்குத் தெரியும். ஏன்டா, என்னிடம் மட்டும் கேட்காமலே போனாய்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: அந்த ‘இல்லை’ அடிக்குப் பயந்தோ சோம்பலாலோ எழுதியது அல்ல. நீ போவாய் என்று தெரியும், என்னால் முடியாது என்றும் தெரியும். அந்த ஆத்திரத்தில் எழுதினேன்.