ஆபீஸ் படியில் வாசிக்கக் கூடாத கடிதம்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
4-8-1984

அன்புள்ள மாமாவுக்கு,

சூடாமணியின் நமஸ்காரங்கள். அம்மாவுக்கு இருமல் தேவலை. நீங்கள் அனுப்பிய தேயிலை வந்தது. "நாகேஸ்வரன் எஸ்டேட்டையே பொட்டலம் கட்டி அனுப்பிட்டான்" என்று அப்பா சிரித்தார்.

இது உங்களுக்கு மட்டும் எழுதுவது. பள்ளிச் சேவைச் சங்கத்திலிருந்து சனிக்கிழமைதோறும் சுசீலாபாய் டீச்சர் நடத்தும் வீட்டுக்குப் போகிறேன். புருஷனிடம் அடிபட்டு ஓடிவந்த பெண்கள் தங்கும் வீடு. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. புதிதாக வருபவளிடம் மூன்று நாள் யாரும் "என்ன நடந்தது?" என்று கேட்கக் கூடாது. சாயாவும் சீப்பும் மாற்றுப் புடவையும் கொடுக்கலாம், அவ்வளவுதான். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியுமே!

அங்கே தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். போன வாரம் வந்தவள் உங்கள் எஸ்டேட்காரி, இசக்கிப்பாண்டியின் மனைவி பூமாரி. அடித்து அடித்து இடது காது கேட்கவில்லை, மாமா. வலப் பக்கம் உட்கார்ந்துதான் பேச வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை பேச்சியைத் தன் அம்மா மாடம்மாளிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"எங்கம்மைக்கு ஒரு காயிதம் போடுங்க பாப்பா. பத்தொன்பதாந் தேதி ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்குத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் புள்ளையக் கூட்டியாரச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

மாடம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக்கு வரும் கடிதங்களையெல்லாம் சாயங்காலம் ஆபீஸ் படியில் உட்கார்ந்து, கிளார்க் என்று நீங்கள்தானே உரக்க வாசிப்பீர்கள்? லீவுக்கு வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டுச் சேதி எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் இதை உங்கள் பெயருக்கு அனுப்புகிறேன். மாடம்மாளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். "வேற யாருக்கும் தெரிஞ்சிராதே?" என்று பூமாரி மூன்று தரம் கேட்டாள். "எங்க மாமாதான்" என்றேன். அப்புறம் அவள் கேட்கவில்லை.

உங்கள் மருமாள்,
சூடாமணி


குளிர்மலை எஸ்டேட்
11-8-1984

குழந்தை சூடாமணிக்கு,

மாமாவின் ஆசீர்வாதம். கடிதம் கிடைத்தது. மாடம்மாளிடம் தனியே சொல்லிவிட்டேன், கவலைப்படாதே. ஓணப் பரீட்சைக்குப் படிக்கிறாயா, ஊராருக்குக் கடிதம் எழுதியே பொழுது போகிறதா? பாகீரதி மாமி உனக்காக நார்த்தங்காய் உப்பில் போட்டிருக்கிறாள். லீவு விட்டதும் வந்துவிடு.

அந்தக் குடும்பத்துக்கு என்னாலான ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறேன். என்னவென்று ஞாயிற்றுக்கிழமை நீயே பார்ப்பாய்.

அன்புள்ள மாமா,
நாகேஸ்வரன்


ஸ்ரீவராகம்
20-8-1984

மாமாவுக்கு,

பார்த்தேன்.

மாடம்மாள் வரவில்லை. பேச்சி வரவில்லை. இசக்கிப்பாண்டி வந்தான். வெளுத்த வேட்டி, படிய வாரிய தலை, கையில் ஒரு முழம் மல்லிகைப்பூ. பூமாரி பஸ் படியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அவளுக்குக் கேட்காத காதுப் பக்கமாக வந்தான்.

"கிளார்க்கய்யா எல்லாம் சொல்லிட்டாரு. நட வீட்டுக்கு" என்றான். அவள் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. பூ இருந்த கையாலேயே அறைந்தான். விழுந்தவளின் கையை மிதித்தான். எலும்பு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது, மாமா. பட்டப்பகல். நூறு பேர் நின்று பார்த்தார்கள். சுசீலாபாய் டீச்சர் குடையால் அவனை அடித்தார். ஓடிவந்த போலீஸ்காரர் பிடித்தது டீச்சரின் கையை!

"விடு டீச்சரே, குடும்பக் காரியமல்லே?"

"கை ஒடிஞ்சா குடும்பக் காரியமா, சாரே?" என்று கத்தினேன்.

"குட்டி வீட்டில் போ" என்றார். அதற்குள் அவன் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் பூமாரி ஒன்றே ஒன்று கேட்டாள்: "உங்க மாமாவுக்கு நான் என்ன செஞ்சேன் பாப்பா?" எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

சூடாமணி


குளிர்மலை எஸ்டேட்
27-8-1984

சூடாமணிக்கு,

பெரியவர்களுக்கு எழுதும்போது ஒரு நமஸ்காரம் போட மறந்துவிட்டாய்.

நானா அடித்தேன்? அவன் ஆபீஸுக்கு வந்து என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். "இனிமே கை நீட்ட மாட்டேன் சாமி, தாயில்லாம புள்ள ஏங்குது" என்றான். ஆண்பிள்ளை அப்படி அழும்போது மனசு கல்லாகவா இருக்கும்? பிரிந்தவர்களைச் சேர்த்து வைத்தால் புண்ணியம் என்று நினைத்து, மாடம்மாளை நிறுத்திவிட்டு அவனையே போகச் சொன்னேன். அவன் வாக்குத் தவறியது என் குற்றமா? உன் அப்பாவுக்கும் எழுதிவிட்டேன், இனி உன்னை அந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று.

எனக்கும் இங்கே மரியாதை போயிற்று. ஒரு வாரமாக லயத்தில் ஒருத்தரும் என்னிடம் கடிதம் கொண்டு வருவதில்லை. மாமியிடம் கொடுக்கிறார்கள். அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு மெதுவாகப் படிக்கிறாள். இன்று இசக்கிப்பாண்டி வேலைக்குப் போனதும் மாடம்மாளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கே வந்தாளா? எழுது.

நாகேஸ்வரன்


ஸ்ரீவராகம்
1-9-1984

மாமாவுக்கு,

வந்தாள். பேச்சி அம்மாவின் கட்டுப் போட்ட கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சுற்றிக்கொண்டு வந்து வலப் பக்கம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எந்தக் காது கேட்கும் என்று ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது.

அவன் ஒரு நாள் அழுததைக் கேட்டீர்கள். அவள் ஆறு வருஷம் அழுதிருக்கிறாள். அது ஆபீஸ் படிவரை ஒரு நாளும் கேட்கவில்லையா?

என் மேலும் எனக்குக் கோபம்தான். "எங்க மாமாதான்" என்றது என் வாய். அதைப் பூமாரியிடம் சொன்னேன். அவள் சீப்பை நீட்டினாள். ஒரு கையால் வாரிக்கொள்ள முடியாதே. வாரிவிட்டேன்.

அப்பா போக வேண்டாம் என்றார். இன்று சனிக்கிழமை. போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன்.

ஓண லீவுக்கு நான் வரவில்லை. மாமியும் மாடம்மாளும் நாளைக்குத் திரும்புகிறார்கள்; பேச்சி இங்கேயே அம்மாவிடம் இருப்பாள். இனி பூமாரியின் கடிதங்கள் மாமி பெயருக்கு வரும். இதையும் மாமி கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். இதில் உங்களுக்கு எவ்வளவு வாசித்துக் காட்டலாம் என்று அவளுக்குத் தெரியும்.

சூடாமணி