சீமாட்டிக்கு வந்த இருமல்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், கொட்டகையில் மாடுகளும் நலம் என்று இன்றைக்குத்தான் சேர்த்து எழுத முடிகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று போனில் கேட்டாயே, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். விஷயத்தைச் சொல்லியிருந்தால் லீவு போட்டுக் கிளம்பியிருப்பாய், அதனால்தான்.

சந்தையில் ஒரு கிடாரி வாங்கினேன். மாடு பிடிக்கும்போது நான் முதலில் மூக்கைத்தான் பார்ப்பேன், ஈரமாக இருந்தால் உடம்பில் குறையில்லை என்று கணக்கு. இதற்கு மூக்கு பளபளவென்று நனைந்திருந்தது, பேரத்தை நீட்டாமல் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வந்து பார்த்தால் அது ஒழுகுகிற சளி. விற்றவன் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறான். ஊரையே எடை போடுகிறவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டான். போதாக்குறைக்கு, வந்ததும் வராததுமாக மற்ற மாடுகளோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்க விட்டேன். கிடாரிக்குக் காய்ச்சல், இருமல், பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் இரும ஆரம்பித்தன. கடைசியில் நீ பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்த சீமாட்டிக்கும் வந்தது, அதுவும் நிறைசினையாக நிற்கும்போது.

மாட்டு டாக்டர் வந்தார். இது வைரஸ், இதற்கென்று நேராக மருந்து கிடையாது, நெஞ்சில் சளி கட்டாமலிருக்க ஊசி போடலாம், ஆனால் இந்த நோயில் சினை மாட்டுக்குக் கன்று விழுந்துவிடும் பயம் உண்டு என்றார். குளிருமே என்று நான் சாக்கு கட்டி அடைத்த ஜன்னல்களைப் பார்த்து, “ஏம்மா, மூச்சு முட்டுறதுக்குக் காத்தையும் சேத்து அடைச்சிருக்கீங்களே” என்று அவரே பிய்த்துப் போட்டார். தரகன் வேறு வந்து, “வெளிய தெரியறதுக்குள்ள தள்ளிவிட்டுடுங்கக்கா” என்றான். நான் ஒன்றும் தர்மதேவதை இல்லை, ஆனால் இன்னொருத்தர் கொட்டகையில் இதைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அதே சந்தையில் எந்த முகத்தோடு நிற்பது. கேட்டைப் பூட்டினேன், ஒரு மாட்டைக்கூட விற்கவில்லை. சீமாட்டி பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தப்போ நீ இப்படி உக்காரலையே என்று அப்பா கேட்டார், நீங்க சினையா இருந்தா உக்காந்திருப்பேன் என்றேன். கவலையோடு கவலையாக இரண்டு பேரும் சிரித்தோம்.

கிடாரியைக் காப்பாற்ற முடியவில்லை, பாவம், அதன் மேல் எனக்குக் கோபமே இல்லை. மற்றதெல்லாம் தேறித் தீவனத்தில் வாய் வைத்துவிட்டன. நேற்று விடிந்ததும் சீமாட்டி கன்று போட்டது, பெண் கன்று. எழுந்து நின்றதும் மடியைத் தேடி முன்னங்கால் பக்கம் போய் முட்டிக்கொண்டிருந்தது, அசடு. அதை நக்கிக் கொடுக்கும்போது சீமாட்டி ஒரு தடவைகூட இருமவில்லை. எனக்கு அப்போதுதான் பசித்தது. இனிமேல் புது மாடு எது வந்தாலும் தனிக்கட்டு, எல்லாவற்றுக்கும் தடுப்பூசி, டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது.

நீ நீண்ட ஆயுளோடும் நிம்மதியோடும் இருக்கவேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. அப்பாவுக்குப் போன் செய்யும்போது நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே. கன்று பிறந்ததை உன்னிடம் தான்தான் முதலில் சொல்லவேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறார். அப்படியாப்பா என்று ஒரு கூச்சல் போடு.

என்றும் உன் நினைவாக,
அம்மா