மருதாணி வேலியும் உன் மகன் கட்டிய சுவரும்

காலையிலிருந்து வீடெல்லாம் ஈர சிமென்ட் வாசனை. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உன் மகன் எழுப்பியிருக்கும் சுவருக்கு மேஸ்திரி ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறார். காலையும் மாலையும் அடிக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் வெடிப்பு விடுமாம். அதே இடத்தில் நீயும் நானும் குடம் குடமாகத் தூக்கி ஊற்றியது நினைவுக்கு வந்து வயிறு எரிகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? கோபத்தோடுதான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திண்டிவனத்துக்கு வெளியே, செஞ்சி ரோட்டில், வேர்க்கடலை விளைந்த ஒரு மல்லாட்டைக் கொல்லையைப் பிளாட் போட்டு விற்றார்கள். ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த நாம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மனையாக வாங்கினோம். ஆளுக்கொரு சின்ன வீடு எழும்பியதும் கைக்காசு தீர்ந்துபோனது. சுற்றிலும் வெறும் சரளை. ஆடுகள் சமையலறை வாசல்வரை வந்து நின்றன. காம்பவுண்டுக்கு மேஸ்திரி கேட்ட தொகையில் நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். நீ சிரித்தாய்.

“சுவருக்கு இன்னாடி அவசரம்? செடிய வெச்சா அது பாட்டுக்கு வளந்துக்கினு போவுது.”

நர்சரியில் நாம் காசு கொடுத்து வாங்கியது வாசலுக்கு இட்லிப்பூச் செடி மட்டும்தான். மற்றதெல்லாம் கேட்டு வாங்கியது. விழுப்புரத்தில் உன் சித்தி இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து செம்பருத்திக் கொம்புகளை ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தோம். ரோட்டுப் பக்கம் ஆடு வாய் வைக்காதிருக்க ஏரிக்கரை ஆடாதொடை. நந்தியாவட்டையை நீ உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்திலிருந்து ஒடித்து வந்தாய்.

“கல்லறைச் செடியா? வேணாண்டி” என்றேன்.

“செத்தவங்க சண்டைக்கு வரமாட்டாங்க. உயிரோட இருக்கறவங்ககிட்டதான் கெஞ்சிக்கினு நிக்கணும்.”

இரண்டு வீட்டுக்கும் நடுவில் மருதாணி. கண்டாச்சிபுரத்துப் பக்கம் எங்கள் அம்மா வீட்டுக் கொல்லையிலிருந்து வந்தது. ஐப்பசி மழையில் நட்டோம். மல்லாட்டை மில்லில் சும்மா அள்ளிக்கொள்ளச் சொன்ன தோலை வேரைச் சுற்றிப் பரப்பினோம். குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், எல்லாம் அதற்குத்தான். முதல் கோடையில் பாதிக் கொம்புகள் காய்ந்தன. நான் விட்டுவிடலாம் என்றேன். நீ மறுபடி நட்டாய். வேலி தழைத்து அடர்ந்த பிறகு இடுப்பு உயரத்துக்குமேல் போகவிடாமல் கத்தரித்துக்கொண்டே இருந்தாய். “மூஞ்சி தெரியணும்டி. இல்லன்னா யார்கிட்ட பேசறது?” நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி விட்டிருந்தோம். உன் வீட்டுக் கருவாட்டுக் குழம்பும் என் வீட்டுக் கேப்பைக் கூழும் அந்த வழியாகத்தான் போய்வந்தன. உன் புருஷன் இறந்தபோது செருப்புகூடப் போடாமல் நான் ஓடிவந்ததும் அந்த வழியாகத்தான்.

உனக்கு நோய் வந்ததை நீ என்னிடம் சொல்லவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதை, சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்றாய். சென்னையிலிருந்து உன் மகன் வந்து தங்கிய பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு தினமும் வந்தேன். முதலில் உள்ளே விட்டார்கள். பிறகு, “அம்மா தூங்கறாங்க ஆன்ட்டி” என்று வாசலிலேயே தூக்கை வாங்கிக்கொண்டான் உன் மகன். நான் திரும்பிவந்து வேலி ஓரம் நின்று உன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பேன். வேறு என்ன செய்வேன்?

உன்னை அடக்கம் செய்து, சர்ச்சில் முப்பதாம் நாள் பூசையும் முடிந்தது. மறுநாளே ஜேசிபி வந்து நின்றது. அடுப்பில் பாலை வைத்தது வைத்தபடி ஓடிப்போய் மருதாணிக்கு முன்னால் நின்றேன்.

“தள்ளிக்கங்க ஆன்ட்டி. மண்ணு மேல விழும்.”

“உங்கம்மா வெச்ச செடிடா இது. பூசை முடிஞ்சு ஒரு நாள்கூட ஆவல. இன்னா அவசரம் உனக்கு?”

அவன் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். மெல்லத்தான் சொன்னான். “அம்மாதான் ஆன்ட்டி சொன்னாங்க. ‘அவ வேலிகிட்டயே நின்னு எட்டிப் பாத்துக்கினு இருக்கா, என்னால நிம்மதியா படுக்க முடியல, ஒரு சுவர கட்டுடா’ன்னாங்க. நான்தான் தள்ளிப் போட்டுக்கினு இருந்தேன்.”

விலகி நின்றேன். ஒரே இழுப்பில் வேரோடு வந்துவிட்டது. அத்தனை வருடம் வளர்ந்தது, அரை மணியில் டிராக்டரில் குப்பையாகப் போனது. என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்தபடி, “அவங்க இடம், அவங்க சுவரு. உனக்கு இன்னா பேஜாரு?” என்றார்.

பொய்யாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு நாள் நினைவுக்கு வருகிறது. பின்பக்கம் வெயிலில் உட்கார்ந்திருந்தாய். தலையில் முடி இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட வந்தவள், உன்னைப் பார்த்ததும் தாங்காமல் ஓவென்று அழுதுவிட்டேன். நீ என்னைப் பார்த்தாய். வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாய். அதற்குப் பிறகு அந்த ஜன்னல் திறக்கவே இல்லை.

அழாமல் எப்படி இருப்பது? நீயாக இருந்தால் அழுதிருக்க மாட்டாயா? அழாதடி, வீட்டுக்குப் போ என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். உன் புருஷனைப் பற்றி, கடனைப் பற்றி, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாததையெல்லாம் என்னிடம் சொன்னவள் நீ. இதை மட்டும் மகனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய்.

உன் பக்கம் சுவரைப் பூசியாயிற்று. என் பக்கம் செங்கல் அப்படியே தெரிகிறது. “உங்க பக்கம் பூசணும்னா செலவு உங்களுதும்மா” என்றார் மேஸ்திரி. வேண்டாம் என்றுவிட்டேன். செடி வைத்து மறைக்கச் சொல்கிறார்கள் தெருவில். அதற்கும் மனம் வரவில்லை.

நேற்று சென்னைக்குக் கிளம்பும்முன் உன் மகன் வந்தான். வீட்டை வாடகைக்கு விடப்போகிறானாம்.

“ஆள் வர்ற வரைக்கும் சாவி உங்ககிட்ட இருக்கட்டும் ஆன்ட்டி. வாரத்துக்கு ஒரு தபா தொறந்து பாத்தா போதும்.”

“எட்டிப் பாக்கற பொம்பளகிட்ட எதுக்குடா சாவி?”

தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபோது அந்த நெற்றியும் புருவமும் அப்படியே நீ. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

நீ அப்படிச் சொன்னாயா என்று இனி யாரைக் கேட்பது? அவன் பொய் சொன்னதாக நினைத்தால் அவனை வெறுக்க வேண்டும். உன் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறவனை வெறுக்க எனக்கு வரவில்லை. அதனால் நீதான் சொன்னாய் என்றே வைத்துக்கொண்டேன். உன்னோடு சண்டை போடுவது எனக்குப் புதிதில்லை. எத்தனையோ தடவை பேசாமல் இருந்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் நான்தான் முதலில் வந்து பேசினேன்.

இந்தத் தடவை வரமாட்டேன்.