பதினொன்றாவது நிபந்தனை

தைப்பிங், மலேசியா
மார்ச் 4

அன்புத் தம்பி பூன் தியாமுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அதனால் நலம், இந்த இருமலைத் தவிர. பெர்த்தில் நீயும் உன் மனைவியும் மகள் சின் யீயும் சுகமாக இருக்கவேண்டும். போனில் சொல்லியிருப்பேன். நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், வீடே கேட்கும். இது நீ மட்டும் படிக்கவேண்டியது.

எங்கள் முதியோர் குடியிருப்பில் எல்லா அறையும் நிரம்பிவிட்டது. ஏழு வருடம் நாயாய் அலைந்து கட்டியது. நிலம் தானமாகக் கிடைத்தது. லிஃப்ட்டுக்கு வழியில்லை என்று ஒரே தளமாகக் கட்டினோம். ஆனால் தெருக்காரர்கள்தான் சம்மதிக்கவில்லை, பத்து நிபந்தனை போட்டார்கள். எதிர்வீட்டு ஊய் அம்மாள் கூட்டத்தில் எழுந்து, "வாரம் ஒரு பொட்டி எங்க வாசல் வழியா போகும். என் மருமக மாசமா இருக்கா. நீங்க புண்ணியம் தேட எங்க தெருதானா கெடச்சுது?" என்று கத்தினாள்.

நம் சீன ஆட்கள் சாவு என்ற வார்த்தையை வாயால் சொல்வார்களா? நம் பாஷையில் நாலு என்பதே சாவு மாதிரி ஒலிக்கிறது என்று எங்கள் கட்டடத்தில் நாலாம் எண் அறையே கிடையாது, மூன்றுக்கு அடுத்து ஐந்துதான். அப்போது நான்தான் எழுந்து, அவர்களுடைய பத்தோடு பதினொன்றாவது நிபந்தனையைச் சொன்னேன். யாருக்காவது உயிர் போகும் நிலை வந்தால் அதற்கு முன்பே வெளியே கொண்டுபோய்விடுவோம், கட்டடத்துக்குள் யாரும் இறக்கமாட்டார்கள் என்று. கைதட்டினார்கள். ஊய் அம்மாள் நல்ல சகுனமாக எனக்கு ஆரஞ்சு கொடுத்தாள். வயதானவர்களுக்கு வீடு கட்டிவிட்டு, அங்கே யாரும் சாகக்கூடாது என்று கையெழுத்துப் போட்ட புத்திசாலி உன் அக்கா.

இப்போது ஏழாம் அறை கிம் சூனுக்கு அந்த நிலை வந்துவிட்டது. பஸ் கண்டக்டராக இருந்தவர், ஒண்டிக்கட்டை. பத்தொன்பது வருடம் காப்பிக்கடைக்குப் பின்னால் மடக்குக் கட்டிலில் படுத்தவர். ஈரலில் புற்று. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "உள்பக்கம் தாப்பா வெச்ச ரூமு எனக்கு இதான் மொதோ தடவ டீச்சர். இங்கேயே போயிடறேனே. சத்தமே போடமாட்டேன்" என்கிறார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நம் அனுமதி ஒரு வருடத்துக்குத்தான். மே மாதம் புதுப்பிக்கத் தெருக்காரர்கள் கையெழுத்து வேண்டும். வாக்கு மீறினால் மிச்சமுள்ள இருபத்து மூன்று பேரும் நடுத்தெருவில்.

அதனால் கேட்கிறேன். அப்பா வீடு உன் பேரில் பூட்டிக் கிடக்கிறது. நீ விற்கப் போகிறாய் என்று தெரிந்துதான் நான் இங்கே ஆறாம் அறைக்கு வந்தேன். குத்திக்காட்டவில்லை. சாவியை அனுப்பு, கிம் சூனை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். வெளியே இறந்தவரை வாசலுக்குள் எடுக்கக்கூடாது, உனக்கே தெரியும். உயிரோடு உள்ளே போகவேண்டும். சீக்கிரம்.

அக்கா
க்வீ லியான்

மார்ச் 29

தம்பிக்கு,

உன் பதில் வந்தது. ஜூனில் சின் யீக்குக் கல்யாணம், நூறு நாள்கூட இல்லை, இந்த நேரத்தில் நம் வீட்டில் சாவு கூடாது என்று எழுதியிருந்தாய். உன்மேல் தப்பில்லை. ஊய் அம்மாளுக்கு ஒரு மருமகள் என்றால் உனக்கு ஒரு மகள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் கிம் சூனுக்கு இழுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேனை வரவழைத்தது நான்தான். ஊய் அம்மாள் தன் கேட்டில் நின்றபடி, "பின்பக்கமா, பின்பக்கமா" என்று கை காட்டினாள். தூக்கும்போது அவர் கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டார். எலும்பாய்ப் போன கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ! "இன்னும் சாகல டீச்சர், இன்னும் சாகல" என்றார். ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தெடுத்தேன். மார்க்கெட் சிக்னலில் சிவப்பு விழுந்து வேன் நின்றது. அங்கேயே போய்விட்டார். என் கையைப் பிடித்திருந்தார் என்று எழுத ஆசைதான். அவர் என் கையைப் பிடிக்கவில்லை.

மறுநாளே ஏழாம் அறைக்கு ஆள் வந்துவிட்டது. இன்னும் முப்பத்தேழு பேர் வரிசையில் இருக்கிறார்கள். ஊய் அம்மாள் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். "சொன்ன சொல்ல காப்பாத்திட்டீங்க டீச்சர்" என்று மறுபடியும் ஆரஞ்சு கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். என்ன செய்ய?

சின் யீக்கு இதோடு சிவப்பு உறையில் கல்யாணப் பணம் வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு என்னால் வரமுடியாது. டாக்டர் பயணம் வேண்டாம் என்கிறார். அந்த இருமல்தான், வேறொன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. நீ இதை வீட்டில் யாரிடமும் சொல்லாதே. கல்யாணம் முடியும்வரை நான் பொறுத்துக்கொள்வேன்.

சின் யீ குழந்தை நூறு வயது வாழட்டும், தன் சொந்த வீட்டில், தன் சொந்தக் கட்டிலில். வீட்டை மட்டும் இந்த வருடம் விற்காதே தம்பி. கல்யாணம் முடிந்த மறுநாள் சாவியை அனுப்பிவிடு.

அக்கா
ஆறாம் அறை