பெஞ்சில் ஒரு வருஷம்

விடுதி, ஒஹாயோ
மார்ச் 21

அன்புள்ள டெஸ்ஸா அக்கா,

உன் முகாம் முகவரியை அம்மா அனுப்பினாள். ராணுவத்தில் சேர்ந்த அன்றே போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று நீ சொல்லித்தான் போனாய். இருந்தும் மறந்து மறந்து உன் நம்பரையே அழுத்திக்கொண்டிருக்கிறேன். தம்பி எழுதும் முதல் கடிதம் இது, சட்டம் போட்டு மாட்டிவை.

கூடைப்பந்து சீசன் முடிந்துவிட்டது. மற்றவர்களுக்கு முடிந்தது என்று சொல்ல வேண்டும், எனக்கு ஆரம்பிக்கவே இல்லை. ஜனவரியில் ஒரே ஒரு தடவை, ஆட்டம் இழுபறியாக இருந்தபோது கோச் மெர்டாக் என்னை இறக்கினார். யாரும் குறுக்கே வராமல் நின்று போடும் ஃப்ரீ த்ரோ இரண்டு கிடைத்தது. முதலாவது வளையத்தில் பட்டு வெளியே போனது. இரண்டாவது வளையத்தைத் தொடக்கூட இல்லை. அரங்கமே சிரித்தது. அதற்குப் பிறகு கோச் என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நேற்று அறைக்குக் கூப்பிட்டார். "நோலன், நீ தங்கமான பையன்பா. ஆனா உன் இடத்துக்கு ரெண்டு பேரை எடுத்திருக்கோம். வேற எங்கயாச்சும் போனா உனக்கு ஆட சான்ஸ் கிடைக்கும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார். அவ்வளவுதான்.

இங்கேயே இருக்கலாம், ஆனால் ஸ்காலர்ஷிப் கிடையாது, மற்றவர்களுக்குப் பந்து பொறுக்கிப் போடலாம். அல்லது கல்லூரி மாற விரும்புகிறவர்களின் பட்டியலில் பெயர் கொடுக்கலாம். கொடுத்த நிமிஷமே இங்கே என் இடம் போய்விடும், வேறு யாராவது கூப்பிடுவார்களா என்பது அவரவர் தலையெழுத்து. கான்சாஸில் ஒரு இரண்டு வருஷக் கல்லூரி மட்டும் விசாரித்தது. எதுவும் வேண்டாம் என்றால், பந்தைக் கீழே வைத்துவிட்டு அப்பாவோடு பண்ணைகளுக்குக் காஸ் நிரப்பும் லாரியில் ஏற வேண்டியதுதான்.

அப்பாவிடம் சொல்லவில்லை. பண்ணை பண்ணையாக நின்று டாங்கி நிரம்பும்வரை என் பெருமையைத்தான் பேசுகிறாராம். "முதல் வருஷம் எல்லாரையும் உக்காரத்தான் வைப்பாங்க. அடுத்த வருஷம் பாருங்க!" இதை அம்மாவே சிரித்துக்கொண்டு சொன்னாள். அவளோடு சேர்ந்து என்னால் சிரிக்க முடியவில்லை.

நீயும் அவரிடம் சொல்லாதே. நான் என்ன செய்யட்டும், நீயே சொல். நீ சொன்னால் செய்கிறேன்.

உன் தம்பி,
நோலன்


மிசௌரி முகாம்
ஏப்ரல் 6

என் நோலன்,

உன் கடிதம் முந்தாநாள்தான் கைக்கு வந்தது. எப்போது வந்து யார் மேஜையில் கிடந்ததோ தெரியாது. இங்கே கடிதம் வந்தால் அதற்கும் தண்டால் எடுக்க வேண்டும். சார்ஜென்ட் உறையை ஆட்டிக் காட்டி, "யாரும்மா இந்த நோலன்? காதலனா?" என்றார். "தம்பி சார்!" என்று கத்தினேன். "தம்பியா? அப்ப இன்னும் பத்து எடு" என்றார். ஆக, உன் சோகத்துக்கு என் கை வலிக்கிறது.

கிண்டல் இருக்கட்டும். கான்சாஸுக்குப் போ. அது யாருக்கும் தெரியாத ஊராக இருக்கட்டும், உன்னைப் பார்த்துச் சிரிக்க அங்கே ஆளில்லை. ஆடு. ஆடினால்தான் கை பழையபடி உன் பேச்சைக் கேட்கும்.

இன்னொன்று. கோபப்படாதே. அப்பாவுக்கு எழுதிவிட்டேன்.

நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய். ஆனால் உன் எழுத்து போகப் போகச் சின்னதாகிக்கொண்டே வந்ததைப் பார்த்தேன். பரீட்சையில் தோற்றுவிட்டு நீ சாப்பிடாமல் கிடப்பாயே, அந்த நோலன் கண்ணுக்குள் வந்து நின்றான். எனக்கு இப்போது துப்பாக்கியைக் கழற்றி மாட்டத் தெரிகிறது. தம்பிக்கு ஒரு போன் போட வழியில்லை. வீட்டில் யாராவது ஒருவருக்காவது தெரியட்டும் என்று நினைத்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
டெஸ்ஸா


ஒஹாயோ
ஏப்ரல் 20

டெஸ்ஸா,

நீ "கான்சாஸுக்குப் போ" என்று எழுதியது இன்று வந்தது. கான்சாஸ் கோச் போன வாரமே வேறு பையனை எடுத்துவிட்டார். உன் பதில் வரட்டும் என்று அவரிடம் தவணை கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் எவ்வளவு நாள்தான் பொறுப்பார்?

பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டேன். ஃப்ளோரிடாவிலிருந்து ஒரு கோச் கூப்பிட்டு ஐந்து நிமிஷம் என்னைப் புகழ்ந்தார். அவர் தேடியது வேறு நோலன் என்று அப்புறம்தான் தெரிந்தது. பாவம், அவருக்கும் சங்கடம். "ஆனாலும் நல்லா வருவே தம்பி" என்று சொல்லிப் போனை வைத்தார்.

அப்பா வந்தார். எனக்குச் சொல்லவே இல்லை. கோச்சின் அறைக்குக் கண்ணாடிச் சுவர். எடை தூக்கிவிட்டு நாங்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் வருவோம். பார்த்தால் உள்ளே அப்பா. சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமை சட்டை, தொப்பி கையில். மேஜைமேல் அம்மா செய்த பெர்சிமன் பழப் புட்டிங், துணி போட்டு மூடி. கோச் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பின்னால் வந்த பையன் கேட்டான், "யாருடா அந்தாளு, எதையாச்சும் விக்க வந்திருக்காரா?" தெரியாது என்றேன், அக்கா. தெரியாது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அப்புறம் கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்துக் கத்தினேன். "யாரு உங்களை வரச் சொன்னது? என் மானத்தை வாங்கணும்னே கிளம்பி வந்தீங்களா?"

"இல்லடா... நேர்ல பாத்துப் பேசினா மனசு மாறும்னு நெனச்சேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"நல்ல மனுஷன்டா. புட்டிங்க வாங்கிக்கிட்டாரு."

கிளம்பும்போது வண்டிக் கண்ணாடியை இறக்கி, "சாப்பிட்டியா?" என்றார். நான் திரும்பி நடந்தேன்.

இதெல்லாம் நீ எழுதிய ஒரு கடிதத்தால் வந்தது. இனி எனக்கு யோசனை சொல்லாதே. எழுதவே வேண்டாம்.

நோலன்


மிசௌரி முகாம்
மே 25

நோலன்,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

என் பயிற்சி முடிந்தது. அணிவகுப்புக்கு அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். பக்கத்தில் உனக்கென்று ஒரு நாற்காலி பிடித்து, அதன்மேல் தன் கோட்டைப் போட்டிருந்தார் அப்பா. யாரோ கேட்டதற்கு, "மகன் வந்துக்கிட்டிருக்கான், டிராஃபிக்" என்றாராம். அம்மா சொல்லி அழுதாள்.

சாப்பிடும்போது அவர் மெதுவாக, "அவன் எங்கிட்ட பேசறதில்லம்மா. உனக்காச்சும் எழுதறானா?" என்றார். எழுதுகிறான் என்றேன். "அப்ப சரி" என்று தட்டைப் பார்த்துக்கொண்டார்.

அவருக்கு எழுதியது தப்பா சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். அடுத்த வாரம் வேறு முகாமுக்கு மாற்றுகிறார்கள். போன் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. இரவெல்லாம் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன்.

டெஸ்ஸா


இந்தியானா, வீடு
ஜூன் 16

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் உடைந்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். அணிவகுப்புக்கு வராததை மனசில் வைத்துக்கொள்ளாதே. பஸ் நிலையம்வரை வந்தேன். அப்பா முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் திரும்பிவிட்டேன்.

எனக்கு ஒரு கல்லூரி கிடைத்துவிட்டது. நம் வீட்டிலிருந்து அரை மணி நேரம்; சின்ன இடம், ஆட்டம் பார்க்க மாணவர்களே வரமாட்டார்களாம். கோச் யோடர் தானாகக் கூப்பிட்டார். பட்டியலில் என் பெயரைப் பார்த்துத்தான் ஒருத்தர் கூப்பிட்டிருக்கிறார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். குதித்துக்கொண்டே போய்க் கையெழுத்துப் போட்டேன். கை குலுக்கும்போது அவர் சொன்னார், "உங்கப்பா மூணு தடவை வந்துட்டாருப்பா. 'ஒருக்கா ஆட விட்டுப் பாருங்க சார், சரியா வரலேன்னா நானே கூட்டிட்டுப் போயிடறேன்'னாரு. எனக்கும் பசங்க இருக்காங்க, மறுக்க முடியல."

ஆக, அது என் ஆட்டத்துக்குக் கிடைத்த இடம் இல்லை. கையெழுத்துப் போட்ட தாளைக் கிழித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் எங்கே போவது, அக்கா? வேறு யாரும் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "நீங்க இனிமே அங்க வரக் கூடாது." "சரிடா" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்திருக்கும்.

இன்று முதல் நாள் பயிற்சி. சுமாராகத்தான் ஆடினேன். தண்ணீர் குடிக்கப் பக்கக் கதவைத் திறந்தேன். மைதானத்துக்கு அந்தப் பக்கம், மரத்தடியில் நம் பிக்கப் வண்டி நின்றது. அப்பா உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு. அங்கிருந்து எதுவும் தெரியாது. பந்து தட்டும் சத்தம் வேண்டுமானால் கேட்கும், கண்ணாடி இறக்கியிருந்தால். என்னைப் பார்த்ததும் குனிந்து எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தார்.

போகச் சொல்ல வாய் வரவில்லை. உள்ளே வாங்க என்று கூப்பிடவும் வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கோச் விசில் ஊதினார். உள்ளே போய்விட்டேன்.

கதவை மட்டும் சாத்தவில்லை.

உன் தம்பி,
நோலன்