ஹாரிஸுக்குப் பிடிக்காத திராட்சை

பினாங்கு

அன்புள்ள சபுராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் ஹாரிஸும் சுகம்தானே? அத்தாவின் மூட்டுவலி குறைந்ததா?

வீடியோவில் வரவில்லை என்று கோபப்படாதே. இடது கையில் குழம்பு கொட்டிவிட்டது. புண்ணுக்குப் போட்ட கட்டைப் பார்த்தால் அழுவாய். பயப்பட ஒன்றுமில்லை. அடுப்புப் பக்கமே போகாதே என்று முதலாளி சொல்லிவிட்டார். பள்ளி விட்டுக் கடைக்கு வரும் அவர் பேத்தி ஐனாவுக்குத் தின்ன ஏதாவது செய்து கொடுப்பதுதான் இப்போது என் வேலை.

நேற்று அவலை நனைத்து, வாழைப்பழம் பிசைந்து, தேங்காய்ப்பூ தூவினேன். முந்திரி, திராட்சை பாக்கெட்டைப் பிரித்து, திராட்சையை மட்டும் பொறுக்கி ஒதுக்கினேன்.

“அங்கிள், அத ஏன் எடுக்கிறீங்க? எனக்கு அதுதான் பிடிக்கும் லா!” என்றாள், இந்த ஊர்ப் பேச்சு வழக்கில் ‘லா’ சேர்த்து.

“எம் மவனுக்குப் பிடிக்காதும்மா” என்றேன். சொன்ன பிறகுதான் இது ஐனாவின் தட்டு என்று உறைத்தது.

இன்று நீ அனுப்பிய பிறந்தநாள் வீடியோ வந்தது. ஹாரிஸ் கேக்கிலிருந்து திராட்சையைத்தான் முதலில் தோண்டித் தின்கிறான். எப்போதிலிருந்து, சபுரா? யாரும் எனக்குச் சொல்லவில்லையே.

ஊரிலிருந்து திரும்பும் காதரிடம் என் பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தனுப்பு. இங்குள்ள துணி புண்ணில் ஒட்டிக்கொள்கிறது.

ஐனா வந்துவிட்டாள், முடிக்கிறேன். வேறு எதை எழுதாவிட்டாலும், அவனுக்கு இப்போது என்னென்ன பிடிக்கும் என்று எழுது.

யூசுப்