மோகனராஜின் முழங்கால்

அன்புள்ள யசோ,

நீயும் சின்னவளும் சுகம்தானே? அம்மாவின் இருமல் குறைந்ததா? நான் நலம். போனில் என்றால் குரலைக் கேட்டே பயந்துவிடுவாய், அதுதான் எழுதுகிறேன்.

போன வாரம் இங்கே ஹந்தானை மலை இறக்கத்தில், மழைக்குள் என் கார் சறுக்கி, முன்னால் நின்ற ஆட்டோவில் முட்டிவிட்டது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. ஆட்டோக்காரர் மோகனராஜ், தேயிலைத் தோட்டத்து ஆள். முழங்காலைத் தடவிக்கொண்டே, "ஒண்ணுமில்லீங்க சார், பொலிஸெல்லாம் வேணாம், நீங்க போங்க" என்றார். நானும் வந்துவிட்டேன்.

மறுநாள் அவருக்குக் கால் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஸ்கானை வெளியில் எடுக்கச் சொன்னார்களாம். பொலிஸ் முறைப்பாடு இல்லாமல் வைத்தியச் செலவு தரமாட்டோம் என்கிறது என் காரின் காப்புறுதிக் கம்பனி. எனக்கு இரங்கியதால் வந்த வினை, பார்த்தாயா?

தோட்டத்து லயத்தில் அவருடைய வீட்டுக்குப் போனேன். மனைவி தேத்தண்ணீர் தந்தார், ஏசவில்லை. "இனி எப்ப சார் ஓட்டுவாரு?" என்று மட்டும் கேட்டார்.

ஸ்கானுக்கு நானே கட்டினேன். நேற்று பொலிஸில் பிழை என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். பிந்தி வந்ததற்கு நல்ல ஏச்சு. காப்புறுதி இனித் தருமாம், ஆனால் வழக்கு முடிந்த பிறகுதான். கோர்ட் தவணை பொங்கலுக்கு மறுநாள், அதனால் பொங்கலுக்கு ஊருக்கு வர இயலாது. சின்னவளுக்கு நீயே சொல்லிவிடு.

அம்மா காய்ச்சும் நோவெண்ணெய் ஒரு போத்தல் மோகனராஜின் காலுக்காக பஸ்ஸில் கொடுத்துவிடு. இங்கே உடுப்புக் காய்வதில்லை, என் பழைய சாரம் இரண்டையும் வை. சின்னவள் கீறிய படம் ஏதும் இருந்தால் அதையும் மடித்து வை, சுவர் வெறுமையாகக் கிடக்கிறது.

கந்தோர் வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன்
குகன்